கைமாறும் கைப்பேசியும் கடைசித் திரையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

கைப்பேசித் திரையின் அடியில் மூன்று குறிகள் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். ஒன்று பின்னே செல்வதற்கு. மற்றொன்று முகப்புக்குத் திரும்புவதற்கு. மூன்றாவதாகச் சதுர வடிவில் ஒரு குறி உண்டு. சில கைப்பேசிகளில் அது மூன்று கோடுகளாக இருக்கும். அதனைத் தொட்டால், சற்று முன்னர் நாம் திறந்து பார்த்த செயலிகள் யாவும் சீட்டுக்கட்டைப் பரப்பி வைத்தாற்போல் வரிசையாக வந்து நிற்கும். புதுவகைக் கைப்பேசிகள் பலவற்றில் இக்குறிகளும் இல்லை. திரையின் அடியிலிருந்து விரலை மேல்நோக்கி இழுத்து நொடிநேரம் நிறுத்தினால் அதே காட்சி தோன்றும். 'ரீசன்ட் ஆப்ஸ்' என வழங்கப்பெறும் இத்திரையைக் 'கடைசித் திரை' என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

பாடக்குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போது இடையில் வந்த செய்திக்கு விடை எழுதிவிட்டு, மீண்டும் விட்ட இடத்துக்கே திரும்ப இத்திரை பெரிதும் உதவுகிறது. இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் கைப்பேசி நம் கையில் இருக்கும்வரைதான் இது வசதி. அது பிறர் கைக்குச் சென்றவுடன், கடந்த ஒரு மணி நேரத்தில் நாம் யாரோடு பேசினோம், எதைத் தேடினோம், எங்கே பணம் கட்டினோம் என்பவற்றையெல்லாம் ஒரே விரலசைப்பில் எடுத்துரைக்கும் சாட்சியாக மாறிவிடுகிறது. பூட்டைத் திறந்து கொடுத்தவர் நாமே ஆதலால், பூட்டும் அங்கே பயன்படுவதில்லை.

கைப்பேசி ஒருவருக்கே உரிய பொருள் என்று எண்ணித்தான் அதனை வடிவமைத்தனர். நம் வீடுகளிலோ அது அம்மி, ஆட்டுக்கல் போலப் பொதுப்பொருள். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையால் விளையும் இடர்களையும், அவற்றுக்கு நாம் செய்யத்தக்கனவற்றையும் எனக்குத் தெரிந்த அளவில் இங்கு எழுத முற்படுகிறேன்.

பெயரும் படமும்

தொடக்க காலத்து ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் முகப்புப் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால், அண்மையில் திறந்த செயலிகளின் சின்னங்கள் மட்டும் தோன்றும். பெட்டியின் பெயரை மட்டுமே அவை சொல்லும். உள்ளே இருப்பது என்ன என்று சொல்லா. 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாம் நிறுவனம் 'பாம் பிரீ' என்னும் கைப்பேசியை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு செயலியும் ஓர் அட்டையாகக் காட்டப்பெற்றது. வேண்டாத அட்டையை விரலால் மேலே தள்ளி எறிந்துவிடலாம். இன்று நாமெல்லாம் எண்ணிப் பாராமல் செய்யும் அந்த விரலசைவு அதில்தான் புகழ்பெற்றது. அக்கைப்பேசி சந்தையில் நிலைக்கவில்லை, அட்டை நிலைத்துவிட்டது. அதன் திரை வடிவமைப்பில் பங்குகொண்ட மத்தியாஸ் துவார்த்தே 2010-இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 பதிப்பில் வெறும் சின்னங்களோடு சிறு படங்களும் சேர்ந்தன. 2013-இல் ஐபோனின் ஏழாம் பதிப்பு மென்பொருளும் படங்களுக்கு மாறியது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்போ, கைப்பேசியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் அவ்வட்டைகள் மறையாதபடி செய்துவிட்டது.

பெயர் சொல்வது வேறு. படம் காட்டுவது வேறு. வாட்ஸ்அப் சின்னம் ஒன்று திரையில் இருந்தால் யாரும் எதையும் நினையார். அது இல்லாத கைப்பேசியைத்தான் இன்று வியப்போடு பார்ப்பர். ஆனால் கடைசியாகத் திறந்திருந்த உரையாடலே படமாக நின்றால் நிலைமை வேறு அல்லவா?

அந்தப் படம் எப்படி வருகிறது? நான் முதலில், செயலிதான் சிறிதாகி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். இயற்பியல் மாணவி ஆதலால் செய்து பார்க்க விரும்பினேன். கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, முகப்புக்குச் சென்று, ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு கடைசித் திரையைத் திறந்தேன். அட்டையில் தெரிந்த கடிகாரம் நான் வெளியேறிய நொடியிலேயே நின்றிருந்தது. அட்டையைத் தொட்டு உள்ளே சென்றதும் ஒரு நிமிடம் கூடிய சரியான நேரம் தோன்றியது. எனவே அட்டையில் நாம் காண்பது ஓடும் செயலியை அன்று. செயலியை விட்டு வெளியேறும் அந்நொடியில் கைப்பேசி தானாகவே எடுத்து வைத்துக்கொண்ட ஒளிப்படத்தை. இரண்டு மணித்துளிகளில் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது.

இவ்வாறு படம் எடுப்பது புதிதும் அன்று. 2008-இலேயே ஜொனாதன் ஸ்ட்ஜார்ஸ்கி என்னும் ஆய்வாளர், ஐபோனில் முகப்புப் பொத்தானை அழுத்தும்போது அப்போதைய திரை படமாகப் பதிவாகிறது என்று எடுத்துக்காட்டினார். செயலி சுருங்கி மறைவது போன்ற ஓர் அழகிய அசைவைக் காட்டுவதற்காகவே அப்படம் எடுக்கப்பட்டது. அழகுக்காக எடுத்த படம், அழித்த பின்னும் தடயவியல் முறையில் மீட்கத்தக்கதாக இருந்தது!

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2014-க்கு முன்பு, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உள்ள ஒரு செயலி உரிய அனுமதி பெற்று, வேறு எந்தெந்தச் செயலிகள் அண்மையில் திறக்கப்பட்டன என்னும் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். தனிப்பட்ட செய்திகள் இதன்வழியே கசியக்கூடும் என்று கூறி, ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பில் அந்த வழியை கூகுள் அடைத்துவிட்டது. செயலிக்குச் செயலி காட்டலாகாது என்று உணர்ந்தவர்கள், மனிதருக்கு மனிதர் காட்டுவதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை போலும்.

நம் வீடும் கைப்பேசியும்

எங்கள் வீட்டில் இணையம் உள்ள கைப்பேசி நுழைந்தது 2020-ஆம் ஆண்டில். நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்கென்று அப்பா தவணையில் வாங்கினார். என் படிப்பைச் சொல்லி வாங்கியதே தவிர, அது என் ஒருத்திக்கு உரியதாக நெடுநாள் இருந்ததில்லை. காலையில் தறிக்குப் புறப்படும் முன் முதலாளியிடமிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று அப்பா பார்ப்பார். அம்மா தார் சுற்றிக்கொண்டே முந்தைய நாள் விட்டுப்போன தொடரைப் பார்ப்பார். மாலையில் தம்பியின் விளையாட்டு. எஞ்சிய நேரம் எனக்கு. நம் கல்லூரியில் பயிலும் பலருடைய வீட்டிலும் இதே நிலைதான் என்பதை விடுதித் தோழியரிடம் பேசியபோது அறிந்தேன். தனக்கென்று ஒரு கைப்பேசி வாங்கிய பின்னும், "கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தர்றேன்" என்று அண்ணனோ தம்பியோ சித்தியோ கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. வறுமை மட்டும் இதற்குக் காரணம் அன்று. சோற்றைப் பகிர்ந்து உண்ணும் வீட்டில் கைப்பேசியை மட்டும் மறைத்து வைப்பது அழகாகத் தோன்றுவதில்லை.

எங்கள் தெருவில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் உள்ள கைப்பேசிகளில் பெரும்பாலானவை ஒருமுறையேனும் என் கைக்கு வந்திருக்கின்றன. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், எரிவாயு உருளைப் பதிவு, கணக்கில் பணம் ஏறியதா என்று பார்ப்பது என ஏதேனும் ஒரு வேலை இருக்கும். "நீ படிச்ச புள்ள, நீயே பாரு கண்ணு" என்று பூட்டைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு அவர்கள் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். விண்ணப்பத்தின் நடுவே ஒருமுறைக் கடவுஎண் குறுஞ்செய்தியாக வரும். அதனை எடுக்க நான் செயலி மாறியாக வேண்டும். மாறும்போது கடைசித் திரை விரியும். நான் பார்க்க விரும்பாதவையும் கண்ணில் பட்டுவிடும். அடகுக் கடையின் நினைவூட்டல், மருத்துவமனை அறிக்கை, வெளியூரில் இருக்கும் மகனுக்குப் பணம் கேட்டு எழுதி இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கும் ஒரு வரி. இவற்றை நான் எவரிடமும் சொன்னதில்லை. ஆயினும் மறுநாள் குழாயடியில் அவர் முகத்தைப் பார்க்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் அறியாமல் அவர் வீட்டின் உள்ளறை வரை சென்று வந்தாற்போன்ற கூச்சம்.

கண்ணில் பட்டதை நெஞ்சில் போட்டுக்கொள்ளும் ஆட்களிடமே எப்போதும் கைப்பேசி போய்ச் சேரும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. நான் அறிந்த மாணவி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவர் யாரென்று அறிய முடியாதபடி சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன். செய்முறைப் பாடத்துக்காக வாட்ஸ்அப்பில் ஆறு பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது; அதில் மூவர் ஆண்கள். ஒருநாள் மாலை மின்கட்டணம் கட்டுவதற்காக அவருடைய அண்ணன் கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். கடைசித் திரையில் அக்குழுவின் உரையாடல் படமாக நின்றது. "நாளைக்கு லேப்ல பார்க்கலாம்" என்னும் ஒரு வரி. அதன்மேல் ஓர் ஆணின் பெயர். அட்டையின் அளவுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அதற்கு மேலும் கீழும் இருந்த மின்தடைக் கணக்குகள் தெரியவில்லை.

அன்றே கைப்பேசி பறிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் அது பெட்டியில் கிடந்தது. உள்மதிப்பீட்டுத் தேர்வின் தேதி மாறிய செய்தி அதே குழுவில்தான் வந்தது. அவர் தேர்வுக்கு வரவில்லை. படித்தது போதும், நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் எழுந்தது. துறையைச் சேர்ந்த பேராசிரியை ஒருவர் நேரில் அழைத்துப் பேசியதனால் அம்மாணவி இன்றும் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறார். அந்த அண்ணனைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கையைப் படிக்கவைக்கத் தம் படிப்பைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர் அவர். முழு உரையாடலையும் படித்திருந்தால் சிரித்துவிட்டுக் கொடுத்திருப்பார். அவருக்குக் கிடைத்தது உள்ளங்கையளவு படம் மட்டுமே. அந்தப் படம் பொய் சொல்லவில்லை. உண்மையையும் முழுதாகச் சொல்லவில்லை.

கைப்பேசியை அடிக்கடி பிறரிடம் தரவேண்டிய நிலையில் உள்ள பெண்களைப் பற்றி ஓர் ஆய்வே நடந்திருக்கிறது. கணினி ஆய்வாளர் நித்யா சம்பசிவனும் அவருடன் பணியாற்றியோரும் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 199 பேரிடம் பேசி, 2018-இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். கைப்பேசியைப் பூட்டுதல், செயலியைப் பூட்டுதல், செய்திகளைத் தனித்தனியாகவோ ஒட்டுமொத்தமாகவோ அழித்தல், தடம் பதியாத மறைநிலையில் உலவுதல், சிலவற்றைக் கைப்பேசியில் செய்யாமலே தவிர்த்தல் என ஐந்து வழிகளை அப்பெண்கள் கையாள்வதாக அவர்கள் கண்டனர். ஐந்தாவது வழிதான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. உடல்நலம் பற்றிய ஓர் ஐயத்தைத் தேடிப் பார்க்காமல் விட்டுவிடும் பெண்ணுக்கு நேரும் இழப்பு எந்தத் திரையிலும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதிலேயே கூறப்பட்டுள்ளது. வீட்டு வாசற்படி வரை வந்து சட்டம் நின்றுகொள்கிறது. அது சரியே என்பது என் கருத்து. அண்ணன் மீது வழக்குத் தொடுக்கவா நாம் கல்லூரிக்கு வருகிறோம்?

தள்ளிவிட்டால் போதுமா?

கைப்பேசியைப் பிறரிடம் தருவதற்கு முன் கடைசித் திரையைத் திறந்து, எல்லா அட்டைகளையும் தள்ளிவிட்டுக் கொடுப்பது நம்மில் பலருக்கு வழக்கம். மின்கலம் சீக்கிரம் தீராமல் இருக்கும் என்று எண்ணி நாள் முழுவதும் தள்ளிக்கொண்டே இருப்போரும் உண்டு. அது வீண்வேலை. 2016-இல் இதுபற்றி ஒருவர் கேட்டபோது, மின்கலத்துக்கு இதனால் பயனில்லை என்று ஆப்பிள் நிறுவனத்தின் கிரெய்க் ஃபெடரிகி விடையளித்தார். ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் தம் பக்கத்திலும் அப்படியே என்றார். மூடிய செயலியை மீண்டும் முதலிலிருந்து திறப்பதற்கும் ஆற்றல் செலவாகும் அல்லவா?

அந்தரங்கத்துக்கு இதனால் ஓரளவு பயன் உண்டு. அட்டை போனால் படமும் பட்டியலிலிருந்து போய்விடும். ஆயினும் இதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. எந்தச் செயலியை இன்று எத்தனை நிமிடம் பார்த்தோம் என்னும் கணக்கு, 2018 முதல் கைப்பேசிகளில் வந்துள்ள 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியில் இருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல், அறிவிப்பு வரலாறு என்னும் பகுதியை இயக்கி வைத்திருந்தால், தள்ளிவிட்ட அறிவிப்புகளும் அங்கே காத்திருக்கும். உலாவியின் வரலாறு, யூடியூபின் வரலாறு ஆகியன தனி. விசைப்பலகையோ நாம் அடிக்கடி எழுதும் பெயரை முதல் எழுத்திலேயே முந்திக்கொண்டு சொல்லும். ஒரு வாசலைச் சாத்திவிட்டு மற்ற வாசல்களை மறந்துவிடும் கதைதான் இது. மேலும், ஐயக்கண் கொண்டு பார்ப்பவருக்கு வெறுமையான கடைசித் திரையே ஒரு செய்தி. "எல்லாத்தையும் ஏன் அழிச்சு வெச்சிருக்க?" என்னும் கேள்வி அடுத்து வரும்.

செயலிப் பூட்டுக்கும் இதே தடைதான். வாட்ஸ்அப்பில் கைரேகைப் பூட்டு ஆண்ட்ராய்டுக்கு 2019-இலும், தனி உரையாடலைப் பூட்டும் வசதி 2023-இலும் வந்தன. பாதுகாப்பு என்ற அளவில் அவை நல்லனவே. ஆனால் பூட்டைக் கண்டவர் சாவியைக் கேட்பார், தரமறுத்தால் சண்டை, தந்தால் பூட்டில்லை. பூட்டுவதற்கென்றே பிளே ஸ்டோரில் கிடைக்கும் முன்பின் அறியாத செயலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவை வேலை செய்வதற்கு, நாம் எந்நேரம் எதைத் திறக்கிறோம் என்று பார்க்கும் அனுமதியைக் கேட்கும். தம்பி பார்க்கக்கூடாது என்பதற்காக ஊர் பேர் தெரியாதவரிடம் அனைத்தையும் ஒப்படைப்பது எவ்வகை அறிவு? பூட்டு வேண்டுமெனில் கைப்பேசியோடு வந்த பூட்டையே பயன்படுத்துக.

கேள்வி எழுப்பாத வழிகள்

ஆகவே நான் தேடியது, விளக்கம் சொல்லாமலே கையாளத்தக்க வழிகளை. அவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது ஆண்ட்ராய்டு 5.0 முதல் இருந்துவரும் 'பின்னிங்' என்னும் வசதி. சுவரில் தாளை ஊசி குத்தி நிறுத்துவது போல, ஒரு செயலியைத் திரையில் நிறுத்திவிடலாம். அமைப்புகளில் 'பாதுகாப்பு' என்னும் பகுதிக்குச் சென்று இதனை முதலில் இயக்க வேண்டும். விடுவிப்பதற்குக் கடவுஎண் கேட்கவேண்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்துகொள்ள வேண்டும். இது மிக முக்கியம். பிறகு தேவையான செயலியைத் திறந்து, கடைசித் திரைக்கு வந்து, அட்டையின் மேலுள்ள சின்னத்தைத் தொட்டால் 'பின்' என்னும் சொல் தோன்றும். அதன்பின் முகப்புக்கும் போக முடியாது, கடைசித் திரையும் விரியாது, அறிவிப்புகளும் தோன்றா. விடுவிக்க முயன்றால் பூட்டுத் திரைதான் வரும். தம்பியிடம் விளையாட்டையும் அம்மாவிடம் தொடரையும் இப்படித்தான் நிறுத்திக் கொடுக்கிறேன். "தெரியாமக் கை பட்டு வேற எங்கயும் போயிடாதும்மா" என்றேன். அம்மாவுக்கு அது பெரிய வசதியாகிவிட்டது. கை தவறித் தொடர் மூடிக்கொள்வதைப் பற்றி முன்பு அவரே குறைப்பட்டுக்கொள்வார். சொன்ன காரணமும் உண்மை. சொல்லாத காரணமும் உண்மை.

இதிலும் குறை உண்டு. நிறுத்தப்பட்ட செயலி சில வேளைகளில் தானே வேறொரு செயலியைத் திறக்கக்கூடும் என்று கூகுளே எச்சரிக்கிறது. கைப்பேசியை நாள் முழுவதும் வேறொருவரிடம் விட்டுச் செல்லும்போது 'விருந்தினர்' கணக்குக்கு மாற்றிக் கொடுப்பதே மேல். அதில் நம் செய்திகளோ படங்களோ அட்டைகளோ எவையும் இரா. ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பே இதனைக் கைப்பேசிகளுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் சில நிறுவனங்கள் தம் கைப்பேசிகளில் இவ்வசதியை எடுத்துவிடுகின்றன. வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் நாம், விருந்தினர் கணக்கு உண்டா என்று கேட்பதில்லை. 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15 பதிப்பில் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்னும் தனியறை உண்டு. பூட்டியிருக்கும்போது அதிலுள்ள செயலிகள் கடைசித் திரையிலும் தோன்றா. ஐபோன் வைத்திருப்போர் நம்மிடையே சிலரே. அவர்களுக்கு 2012 முதல் 'கைடட் ஆக்சஸ்' என்னும் வசதி உள்ளது.

வங்கிச் செயலிகள் பலவற்றின் அட்டை வெள்ளையாகவோ கறுப்பாகவோ வெறுமையாகத் தெரிவதை நீங்கள் கவனித்திருக்கலாம். செயலியை எழுதியவர், என் திரையைப் படம் எடுக்காதே என்று கைப்பேசிக்கு இட்ட கட்டளையே அதற்குக் காரணம். குரோம் உலாவியின் மறைநிலைப் பக்கங்களுக்கும் ஆண்ட்ராய்டில் இத்திரை உண்டு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், வங்கிச் செயலி தன் முகத்தை மூடிக்கொள்கிறது; அதே இருப்புத் தொகையைச் சொல்லும் வங்கியின் குறுஞ்செய்தியோ அடுத்த அட்டையில் திறந்தே கிடக்கிறது. அந்தக் கட்டளை நிரலில் ஒரே ஒரு வரிதான் என்று கணினி அறிவியல் துறை அண்ணா ஒருவர் சொன்னார். செயல்திட்டமாகச் செயலி எழுதும் நம் கல்லூரி அண்ணன்மார்களும் அக்காமார்களும் அந்த ஒரு வரியை மறவாமல் சேர்த்தால், மதிப்பெண்ணோடு எங்கள் நன்றியும் கிடைக்கும்.

பழுதுபார்க்கும் கடையில் கைப்பேசியைத் தரும்போது கடவுஎண்ணையும் தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறோம். சாம்சங் நிறுவனம் 2022-இல் 'மெயின்டனன்ஸ் மோட்' என்னும் வசதியைக் கொண்டுவந்தது. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளுக்கு 2023 இறுதியில் இதுபோன்றதொரு வசதி வந்தது. கடைக்காரர் கைப்பேசியைச் சோதிக்கலாம். உள்ளிருப்பவற்றைக் காண இயலாது. இவ்வசதி இருந்தும் இயக்காமல் கொடுப்பவரே மிகுதி.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருத்தரங்க அறையில் மாணவர் கைப்பேசியைப் படவீழ்த்தியோடு இணைத்துப் பாடம் நடத்தும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. படத்திலிருந்து காணொளிக்கு மாறும்போது அவருடைய கடைசித் திரை ஆறடி அகலத்தில் விரிகிறது. வகுப்பு சிரிக்கிறது. சென்ற பருவத்தில் அவ்வாறு சிரிப்புக்கு ஆளான மாணவர் ஒருவர், அதன்பின் மேடையேறப் பெயர் கொடுக்கவே இல்லை. துறைக் கணினியில் கோப்பை ஏற்றிக்கொண்டு நடத்தச் சொன்னால் இது நேராது. அன்றேல், மாறும்போது மட்டும் படவீழ்த்தியின் திரையைச் சற்று மறைத்துவிடலாம்.

தெருவில் விண்ணப்பம் நிரப்பும் வேலையை நான் விடவில்லை. செய்யும் முறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். பின்னிங் வசதி இதற்கு உதவாது. ஏனெனில் கடவுஎண் வரும் அறிவிப்பு அதில் தெரியாது. இப்போதெல்லாம் விண்ணப்பத்தை எங்கள் கைப்பேசியிலேயே மறைநிலைப் பக்கத்தில் திறக்கிறேன். அப்பக்கங்களை மூடியதும் அவர்கள் குறிப்பிட்டவை எங்கள் உலாவியில் தங்குவதில்லை. அவர்களுடைய கைப்பேசி அவர்கள் கையிலேயே இருக்கிறது. கடவுஎண் வந்ததும் படித்துச் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் தம் சொந்த விண்ணப்பத்துக்காக மட்டுமே சொல்லலாம், தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லலாகாது என்பதையும் ஒவ்வொரு முறையும் கூறிவிடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத எதிர்வீட்டுப் பெரியம்மா, கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்கிறார். முதல் தடவை ஒன்பதை ஆறு என்று சொன்னதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. இரண்டாம் தடவை சரியாக வந்தது.